நீல் யங்கின் 'டைம் ஃபேட்ஸ் அவே': எந்தப் பதிப்பை வாங்கலாம்?

குழு நண்பர்களுக்கு வணக்கம். கனடியப் பாடகர் நீல் யங் 1973இல் வெளியிட்ட 'டைம் ஃபேட்ஸ் அவே' என்னும் மேடைப் பதிவுத் தொகுப்பைப் பல ஆண்டுகளுக்குப் பின் சென்ற வாரம் மீண்டும் கேட்டேன். முந்தைய ஆண்டு வெளிவந்த அவரது 'ஹார்வெஸ்ட்' தொகுப்பு பெற்ற பெருவெற்றியின் நிழலில் நடந்த சுற்றுப்பயணத்திலிருந்து, அதுவரை எந்த இசைத்தட்டிலும் இடம்பெறாத பாடல்களை மட்டுமே தேர்ந்தெடுக்க எவ்வளவு பிடிவாதம் வேண்டும்! யங்குடன் வாசித்துவந்த கிட்டார் கலைஞர் டேனி விட்டன் 1972 நவம்பரில் இறந்த துயரம், தடுமாறும் யங்கின் குரலில் இன்றும் கேட்கிறது. யங்கே இதைத் தம் மிக மோசமான தொகுப்பு என்று குறிப்பிட்டதை, மன்னிக்கவும், நான் ஏற்பதில்லை.

என்னிடம் இருப்பது கீறல் விழுந்த பழைய இசைத்தட்டு. பல பத்தாண்டுகள் குறுந்தகடாகவே வராதிருந்த இத்தொகுப்பின் 2014ஆம் ஆண்டு இசைத்தட்டு மறுவெளியீட்டை வைத்திருப்பவர்கள், முதல் பதிப்போடு ஒப்பிட்டு அதன் ஒலித்தரம் எப்படி என்று சொல்ல இயலுமா? அதே பயணத்தின் தொடக்கத்தில் கென்னி பட்ரி டிரம்ஸ் வாசித்த அலபாமா நிகழ்ச்சி, 2019இல் 'டஸ்கலூசா' என்ற பெயரில் வெளிவந்தது. 'டோன்ட் பி டினைட்' பாடல் இரண்டு தொகுப்புகளிலும் இருப்பதால், 'டஸ்கலூசா'வையும் சேர்த்து வாங்குவது பயனுள்ளதா என்றும் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்.