பழைய ரைஸ் மில்லில் ஊர் அருங்காட்சியகம்: எதை வைப்பது, எதை எடுப்பது?

வெண்ணாற்றங்கரை:
நீடாமங்கலம் பக்கத்தில் எங்கள் ஊர். நெடுநாளாகப் பூட்டிக் கிடந்த, நெல்லை அவித்து அரைக்கும் அவியல் மில்லை ஊருக்கு விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். உள்ளூர் வரலாற்றுக்கு அருங்காட்சியகம் ஆக்குவதாக ஏற்பாடு. பாய்லர், ஹல்லர் (நெல்லை உமி நீக்கி அரிசியாக்கும் பழைய இயந்திரம்) எல்லாவற்றையும் எடைக்குப் போட்டு, அந்தப் பணத்தில் டைல்ஸ் ஒட்டி, கண்ணாடிப் பெட்டியில் பழைய பித்தளைப் பாத்திரங்களை வைக்கலாம் என்கிறார்கள் குழுவில் சிலர். என்ன செய்யலாம்?

களத்துமேடு:
தம்பி, முதலில் அந்த எடைக்குப் போடும் பேச்சை நிறுத்துங்கள். பித்தளைப் பாத்திரம் எந்த வீட்டுப் பரணிலும் கிடைக்கும்.

என் அம்மா அவியல் மில்லில் களத்து வேலை பார்த்தவர். அப்போதெல்லாம் பச்சைத் தண்ணீரில் நெல் இரண்டு மூன்று நாள் ஊறும். புளித்த வாடை தெருக்கோடி வரை வரும். (அந்த வாடையைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்க முடியுமா என்று குழுவைக் கேளுங்கள்.) பிறகு நீராவியில் அவித்து, ஆவி பறக்கக் களத்தில் கொட்டுவார்கள். பெண்கள் வரிசையாக நடந்து காலாலேயே துழாவிவிடுவார்கள். ஒரேயடியாக வெயிலில் காய்ந்தால் அரைக்கும்போது அரிசி நொறுங்கும். அதனால் பாதி காய்ந்ததும் குவித்து மூடிவைத்து, மறுபடி பரப்ப வேண்டும். பதம் பார்க்க அம்மா இரண்டு நெல்லை எடுத்துப் பல்லில் கடிப்பார். சத்தத்தை வைத்தே "குவிக்கலாம்" என்பார். மேஸ்திரி அதற்குப் பிறகுதான் வாயைத் திறப்பார்.

ஊறல் தொட்டி, களம், புகைபோக்கி மூன்றிலும் கை வைக்காதீர்கள். முதலாளி படத்தை எப்படியும் மாட்டுவீர்கள், மாட்டுங்கள். பக்கத்திலேயே கூலி நோட்டையும் வையுங்கள்.

பழைய ஃபிட்டர்:
ஹல்லர் கட்டாயம் இருக்க வேண்டும். அதில் உமியும் தவிடும் கலந்து விழும், குருணையும் அதிகம். உமியை மட்டும் நீக்கும் ரப்பர் உருளை இயந்திரம் வந்ததும் ஓரங்கட்டப்பட்டது. இரண்டையும் அருகருகே வைத்தால் பிள்ளைகளுக்குப் புரியும். திருவாரூர் நவீன அரிசி ஆலை வளாகத்தில் 1967இல் தொடங்கிய நெல் ஆய்வுக்கூடம்தான் இன்று தஞ்சாவூரில் தேசிய நிறுவனமாக இருக்கிறது. இயந்திரங்களைப் பற்றி அங்கே கேட்கலாம். ஒரு எச்சரிக்கை: நீராவிக் குழாயில் சுற்றியிருக்கும் வெள்ளைக் கட்டு கல்நாராக (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம். கையால் பிய்க்காதீர்கள்.

வெண்ணாற்றங்கரை:
நன்றி ஐயா. அக்கா, அம்மாவின் பேச்சைப் பதிவு செய்ய வரலாமா?

களத்துமேடு:
தாராளமாக வாருங்கள். காது மந்தம், உரக்கக் கேளுங்கள். கூலியைப் பற்றிக் கேட்டால் முதலாளியை ஏசுவார். அதை வெட்டாமல் போடுவதானால் மட்டும் வாருங்கள்.