விருந்தாளிகளோடு வர்ஜின் தீவுகளில் பாய்மரப் பயணம்: உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்

எங்களுக்குப் படகுதான் வீடு. புயல் காலம் முழுக்க அதைக் கரையேற்றி வைத்துவிட்டு ஊர் சுற்றப் போயிருந்தோம். திரும்பி வந்து கரீபியன் கடலில், பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளின் பெரிய தீவான டோர்டோலாவில் மறுபடி தண்ணீரில் இறக்கினால், அறைகளில் பூஞ்சை, பேட்டரியில் உயிரில்லை, கடல்நீர் பம்பை ஓட்டும் ரப்பர் சுழலி (இம்பெல்லர்) காய்ந்து வெடித்துக் கிடக்கிறது. இது வருடா வருடம் உள்ள சமாச்சாரம். ஆனால் இந்த முறை பாய்களை மாட்டி முடிப்பதற்குள் விருந்தாளிகளும் வந்து இறங்கிவிட்டார்கள்: பழைய நண்பன், அவன் மனைவி, 14 வயதுப் பையன்.

நண்பன் கையில் ஒரு பட்டியல். எந்த நாள், எந்தத் தீவு, எத்தனை மணிக்கு என்று எழுதியே கொண்டுவந்திருந்தான். “நாளைச் சொல், இல்லை இடத்தைச் சொல், இரண்டையும் சேர்த்துச் சொல்லாதே” என்று படகுக்காரர்கள் சொல்வதை அவனுக்கும் சொன்னேன். டிசம்பரில் கிழக்குக் காற்று திடீரென 25, 30 நாட் (மணிக்குச் சுமார் 46 முதல் 56 கி.மீ.) வேகத்தில் நாள்கணக்கில் வீசும். இங்கே அதற்குக் ‘கிறிஸ்துமஸ் காற்று’ என்றே பெயர். செயின்ட் ஜான் தீவு கைக்கெட்டும் தூரத்தில் தெரிந்தாலும் அது அமெரிக்காவைச் சேர்ந்தது. போக ஒரு முறை, வர ஒரு முறை குடியேற்றச் சோதனை, சுங்கச் சோதனை. பட்டியலில் முதலில் அடித்தது அதைத்தான்.

என் கட்சி இது: படகில் ஏறியவரை விருந்தாளியாக உட்கார வைக்கக் கூடாது, முதல் நாளே ஒரு வேலை கொடுத்துவிட வேண்டும். தீவுகளுக்கு நடுவே உள்ள கடல்வழியான டிரேக் கால்வாயில் எதிர்க்காற்றில் கிழக்கே போகும்போது நண்பன் முகம் வெளிறி, “கீழே போய்ப் படுத்துக்கிறேன்டா” என்றான். கீழே போனால் குமட்டல் இன்னும் மோசமாகும். சுக்கான் சக்கரத்தை அவன் கையில் கொடுத்து, அடிவானத்தைப் பார்த்து ஓட்டு என்றேன். அடுத்த அலை எப்படித் தூக்கும் என்று ஓட்டுகிறவனின் உடம்புக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. சற்று நேரத்தில் டீ கேட்டான்.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். படகில் அது தலைகீழ். மூன்றாம் நாள்தான் மனிதர்கள் கடலுக்குப் பழகுகிறார்கள், குழாயை மூடக் கற்கிறார்கள், கழிவறைப் பம்பை உடைக்காமல் இருக்கிறார்கள்.

அதனால் அனெகாடா தீவை மூன்றாம் நாளுக்கு வைத்தேன். மற்ற தீவுகள் மலை மாதிரி நிற்கும். இது பவளச் சுண்ணாம்புத் தட்டு, உச்சியே கடலுக்கு மேல் 8 மீட்டர் சொச்சம்தான். வர்ஜின் கோர்டா தீவிலிருந்து வடக்கே பாதிக்கு மேல் போயும் எதிரே ஒன்றும் இல்லை. அப்புறம் நீரிலிருந்தே முளைத்த மாதிரி மர உச்சிகள் மட்டும் தெரிந்தன. தென்கிழக்கே சுமார் 29 கிலோமீட்டர் நீளத்துக்குப் பவளத்திட்டு. ஜி.பி.எஸ். இருந்தாலும், சூரியன் உச்சிக்கு வரும் வேளை பார்த்துக் கண்ணால் நிறம் பார்த்துத்தான் உள்ளே போவேன்: கருநீலம் ஆழம், வெளிர்பச்சை மணல், பழுப்பு என்றால் பாறை.

நண்பன் மனைவி நீரின் பளபளப்பைக் குறைக்கும் போலரைஸ்டு கண்ணாடியோடு அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், நின்றார். கார் ரிவர்ஸ் எடுக்க வழிகாட்டுவதுபோல ஒரு கை வீச்சு. திடீரென இரண்டு கையையும் உயர்த்தி, “நிறுத்துங்க, முன்னால பழுப்பா இருக்கு!” என்றார். எஞ்சினை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து காத்திருந்தோம். பழுப்பு மெல்ல மேற்கே நகர்ந்தது. மேகத்தின் நிழல்! அவருக்கு வெட்கம். எனக்கோ பரம திருப்தி. பத்துப் பாறைகளை அவர் தவறாகச் சொன்னாலும் நிறுத்துவேன்.

பையனைப் பற்றிச் சொல்லவில்லையே. ஃபோனைவிட்டுத் தலை தூக்காதவன். ஓர் இரவு படகின் பின்புறம் தண்ணீருக்குள் விளக்கைப் போட்டதும் டார்பன் மீன்கள் வந்தன, அவன் உயரத்துக்கு. வெள்ளிச் செதில்கள், கீழ்த்தாடை மேலே தூக்கிய வாய். நடுநடுவே ஒன்று மேலே வந்து காற்றை விழுங்கிவிட்டு இறங்கியது. மீன் ஏன் காற்றைக் குடிக்கிறது என்று கேட்டான். அதன் காற்றுப்பை நுரையீரல் வேலையும் பார்க்கிறது என்றேன். நள்ளிரவு வரை ஏணியிலேயே உட்கார்ந்திருந்தான்.

உங்கள் கதைகளையும் எழுதுங்கள்.

—

நான் விருந்தாளியாகப் போனவன் அண்ணா, அந்தப் பக்கத்தையும் சொல்கிறேன். சால்ட் தீவருகே ‘ரோன்’ கப்பல் மூழ்கிய இடத்துக்குக் கூட்டிப்போனார்கள். 1867 அக்டோபர் 29 புயலில் பாறையில் மோதி உடைந்த நீராவிக் கப்பல். முகமூடியும் மூச்சுக்குழாயும் போட்டு மேலே மிதந்தபடியே கீழே புரொப்பல்லரைப் பார்த்தேன், பவளம் படிந்து, மஞ்சள் மீன்கள் சுற்றிவர. ஆனால் எனக்கு யாரும் வேலை கொடுக்கவில்லை. கயிறைத் தொட்டாலே “நீங்க உட்காருங்க சார்” என்பார்கள். வாரக் கடைசியில் வெறும் சரக்கு மூட்டை மாதிரி உணர்ந்தேன்.

—

அடுத்த மாதம் எங்கள் வீட்டு ஆட்களோடு போகிறோம். என்ன எடுத்துவரச் சொல்லட்டும்?

—

கட்டிப் பெட்டி வேண்டாம், மடித்து வைக்கக்கூடிய துணிப்பை மட்டும். உள்ளே பெட்டி வைக்க இடமே கிடையாது. முழுக்கைச் சட்டை கட்டாயம். அமெரிக்கப் பக்கத் தீவுகளுக்கும் போவதானால் சன்ஸ்கிரீன் குப்பியைத் திருப்பிப் பாருங்கள்: ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்சேட், ஆக்டோக்ரிலீன் கலந்தவை அங்கே 2020 முதல் தடை. குமட்டல் மாத்திரையைக் கிளம்புவதற்கு முன்பே போட வேண்டும், வாந்தி வந்தபின் போட்டுப் பயனில்லை. பட்டியல் கொண்டுவந்தால் பென்சிலில் எழுதியதாக இருக்கட்டும்.