புளோரிடா பள்ளியில் பெயர்ப் படிவம்: நாளைக்குள் கொடுக்கணும், உதவுங்கள்

நெல்லைக்காரி: புளோரிடா வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பதிவில் உள்ள பெயரைத் தவிர வேறு பெயரால் மகளைக் கூப்பிடலாமா என்று பள்ளியில் படிவம் கொடுத்திருக்கிறார்கள். பாஸ்போர்ட்டில் மீனாட்சிசுந்தரி. மீனு என்றால்தான் திரும்பிப் பார்ப்பாள். டீச்சர் முழுப் பெயரையும் சொல்லித் தடுமாற, வகுப்பே சிரிக்கிறதாம். பிள்ளை அழுதுகொண்டு வருகிறாள். ஏதோ பாலினச் சட்டம் என்கிறார்கள். கையெழுத்துப் போட்டால் விசாவுக்குச் சிக்கலா? கணவர் வெளியூரில்.

டெக்சாஸ் அண்ணாச்சி: விசாரித்துவிட்டு வந்திருக்கலாமே தங்கச்சி. இனம் பற்றி வகுப்பில் எப்படிப் பேசலாம் என்று இங்கே 2021லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். நாங்கள் வந்த புதிதில் கேட்க நாதியில்லை. காரும் கிடையாது. ஆகஸ்ட் வெயிலில் பையனை நடத்தியே கூட்டிப்போய்ப் பள்ளியில் சேர்த்தேன். வாடகைக்கு அட்வான்ஸ் கேட்டு அலையவிட்டது தனிக்கதை. எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

தாம்பா அத்தை: போடாவிட்டால் பிள்ளைக்குத்தான் அவஸ்தை. டெக்சாஸ் கதை இங்கே புளோரிடாவில் செல்லாது. பாலின அடையாளம், பாலின ஈர்ப்பு பற்றி மூன்றாம் வகுப்புவரை பாடம் நடத்தக் கூடாது என்று 2022ல் சட்டம் வந்தது. 2023ல் எட்டுவரை நீட்டினார்கள். அதே ஆண்டு கல்வி வாரியம் இந்தப் பெயர் விதியைக் கொண்டுவந்தது. திருநர் பிள்ளைகளை மனதில் வைத்துப் போட்டது. ஆனால் ராபர்ட்டை பாப் என்று கூப்பிடவும் இதே படிவம்தான்.

ஓர்லாண்டோ தம்பி: பெயரை விடுங்கள். இங்கே அரசுப் பள்ளியில் கறுப்பர் வரலாறே சொல்லித்தரக் கூடாது. தனியார் பள்ளி பாருங்கள்.

தாம்பா அத்தை: தம்பி, 1994 முதல் அது கட்டாயப் பாடம். முன்னோர் செய்ததற்கு அந்த இனத்துப் பிள்ளை குற்ற உணர்வு கொள்ளவேண்டும் என்று போதிக்கக் கூடாது என்பதுதான் 2022ன் இன்னொரு சட்டம். எது போதனை, எது வரலாறு என்று புரியாமல் ஆசிரியர்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள். என் கோபம் அதில்தான். அடிமைகள் கற்ற சில தொழில்கள் அவர்களுக்கே பயன்பட்டன என்றுகூட 2023ல் பாடத்திட்டத்தில் எழுதினார்கள்!

ஓர்லாண்டோ தம்பி: அதைக் கண்டிக்கத்தானே கமலா ஹாரிஸ் ஜாக்சன்வில்லுக்கே வந்தார். என்ன மாறியது?

டெக்சாஸ் அண்ணாச்சி: நம் ஊர் மட்டும் ஒழுங்கா? பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்கு நடந்த தோள்சீலைப் போராட்டம் இருந்த பாடத்தையே 2019ல் மத்தியப் பாடநூல் அமைப்பான என்சிஇஆர்டி ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து தூக்கியது. எங்கள் பாட்டிமார் கதை அது.

நெல்லைக்காரி: அண்ணாச்சி, படிவம்...

ஜாக்சன்வில் அக்கா: எந்த வகுப்பு என்று சொல்லவே இல்லையே? சரி, எதுவானாலும் "மீனு" என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். பள்ளிப் பதிவில் பாஸ்போர்ட் பெயர் அப்படியே இருக்கும். விசாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. குடியுரிமை நிலையைக் காரணம் காட்டிப் பிள்ளைக்கு அரசுப் பள்ளியை மறுக்கக் கூடாது என்று 1982லேயே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு உண்டு. கையெழுத்துக்கு ஒரே கோடு இருந்தால் உங்களுடையது போதும். ஒரு நகல் எடுத்து வையுங்கள், அடுத்த ஆண்டும் கேட்கலாம். இனப்பெருக்க நலப் பாடம் பற்றி வேறு தாள் வந்தால் அதை இதோடு குழப்பாதீர்கள். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாலும் பிள்ளைக்குத் தண்டனை கிடையாது.

நெல்லைக்காரி: ஒன்றாம் வகுப்பு அக்கா. ஒரே கோடுதான். மாமியார் சுந்தரி என்று கூப்பிடுவார், அதையும் சேர்க்கவா?

ஜாக்சன்வில் அக்கா: டீச்சர் பாவம். மீனு போதும்.