படைவீரர் கூடத்தின் பெயர் குறித்து, லாங் பீச்சுக்கு அருகிலிருந்து

அன்பார்ந்த சங்க உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நம் ஊரின் பழைய நூலகக் கட்டடத்தைச் செப்பனிட்டு முன்னாள் படைவீரர்களுக்கான கூடமாக மாற்றும் வேலை முடியும் தறுவாயில் இருக்கிறது. அதற்கு யார் பெயரை வைப்பது என்று மூன்று வாரங்களாக நடந்துவரும் கடிதப் போக்குவரத்தை ஒன்றுவிடாமல் படித்தேன். பெருந்தொகை கொடுத்தவரின் பெற்றோர் பெயர், ஊர்ப் பொதுவில் ஒரு தலைவர் பெயர், 1971 போருக்குப் போய்த் திரும்பாத நம் மேலத்தெரு லான்ஸ் நாயக்கின் பெயர் என்று கருத்து மூன்றாகப் பிரிந்து நிற்கிறது. நான் மூன்றாவது கட்சி. அதற்கான காரணத்தை எடுத்துச் சொல்ல, நான் குடியிருக்கும் தெற்குக் கலிபோர்னியாவில் ஒரு கட்டடத்துக்குப் பெயர் வந்த கதையைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்தருள்க.

லாங் பீச் நகரில் அமெரிக்க அரசின் முன்னாள் படைவீரர் நலத்துறை நடத்தும் மருத்துவமனை வளாகத்துக்குள், பார்வை இழந்த படைவீரர்களுக்கான மறுவாழ்வு மையம் ஒன்று உண்டு. இத்தகைய மையங்கள் நாடு முழுவதிலுமே 13-தான் இருக்கின்றன. 2010-இல் அமெரிக்க நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி அதற்கு வைத்த பெயர், ‘மேஜர் சார்லஸ் ராபர்ட் சோல்டஸ், ஜூனியர், ஓ.டி.’ என்று தொடங்கி, துறையின் பெயர், மையத்தின் பெயர் என்று நீள்கிறது. முதல்முறை அதைப் படித்தபோது, இவ்வளவு நீளமான பெயரை யார் வாயால் சொல்லப்போகிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. பிறகுதான் அந்த மனிதரின் பெயருக்குப் பின்னால் நிற்கும் ‘ஓ.டி.’ என்ற இரண்டு எழுத்துகளின் மீது கண் நின்றது.

ஓ.டி. என்பது ஆப்டோமெட்ரிஸ்டுகளின் பட்டம். அவர்கள் கண்ணில் அறுவை செய்யும் மருத்துவர்கள் அல்லர். பார்வையைச் சோதித்து, கண்ணாடிக்குச் சீட்டு எழுதி, நோயின் அறிகுறி தெரிந்தால் மேல்சிகிச்சைக்கு அனுப்புகிறவர்கள். சோல்டஸ், இர்வைன் நகரத்தைச் சேர்ந்த அத்தகைய ஒருவர். அதே வேளையில் இராணுவத்தின் ரிசர்வ் படையிலும் இருந்தார். அதாவது, வழக்கமான நாள்களில் தன் தொழிலைப் பார்ப்பவர், அழைப்பு வந்தால் சீருடை அணிந்து புறப்பட வேண்டியவர். ஈராக்குக்கு அவர் சென்றது 426-ஆம் சிவில் விவகாரப் படைப்பிரிவோடு. போர் நடக்கும் மண்ணில் மருத்துவமனை, குடிநீர் போன்ற குடிமக்கள் வசதிகளை மீண்டும் நடக்கச் செய்வதே இத்தகைய பிரிவுகளின் வேலை. 2004 அக்டோபர் 13 அன்று மோசுல் நகரில், அவர் சென்ற வாகன அணியின் அருகே வெடிகுண்டு நிரப்பிய வண்டி வெடித்ததில் அவர் இறந்தார். வயது 36.

கண் பரிசோதகராக வாழ்ந்து படைவீரராக இறந்த ஒருவரின் பெயரை, பார்வை இழந்த படைவீரர்கள் நாள்தோறும் வந்துபோகும் கட்டடத்துக்கு வைத்திருக்கிறார்கள். பெயருக்கு முன்னால் அவருடைய படைப்பதவி இருக்கிறது, பின்னால் அவருடைய தொழில் இருக்கிறது. இரண்டில் எதையும் விட்டுவிடவில்லை. ஒரு நெடுஞ்சாலைக்கோ பாலத்துக்கோ அவர் பெயரை வைத்திருந்தாலும் மரியாதைதான். ஆனால் அங்கே அந்த இரண்டு எழுத்துகளுக்கு வேலை இருந்திருக்காது.

உள்ளே என்ன நடக்கிறது என்பது, என் பக்கத்து வீட்டில் வசிக்கும் முதியவர் ஒருவரின் வழியாக எனக்குத் தெரியவந்தது. கடற்படையில் இருந்தவர், விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துபோனதால் நேரே இருப்பது தெரியாது, ஓரங்கள் மட்டும் தெரியும். அங்கே வருகிறவர்களில் பலர் இப்படி வயதின் காரணமாகவோ, சர்க்கரை நோய் அல்லது கண் அழுத்த நோய் காரணமாகவோ பார்வை குறைந்தவர்கள்தான். ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களில் குண்டுவெடிப்பின் அதிர்ச்சியால், கண்ணில் காயமே இல்லாமல் மூளை பாதிக்கப்பட்டுப் பார்வை கெட்ட இளைஞர்களும் உண்டு. சில வாரங்கள் அங்கேயே தங்கிப் படிக்க வேண்டும். அவர் படித்துவிட்டு வந்த பிறகு, தன் பணப்பையைத் திறந்து காட்டினார். ஒரு டாலர் நோட்டு மடிக்காமல் இருந்தது. ஐந்தைக் குறுக்கே மடித்திருந்தார், பத்தை நீளவாக்கில், இருபதை இரண்டு விதமாகவும். அமெரிக்க நோட்டுகள் எல்லாம் ஒரே அளவு என்பதால் இப்படி மடித்து வைத்தால்தான் விரல் கண்டுபிடிக்கும். நம் ரூபாய் நோட்டுகள் மதிப்புக்கேற்ப நீளத்தில் வேறுபடும் என்று நான் சொன்னபோது, “உங்கள் அரசாங்கத்துக்குப் புத்தி இருக்கிறது” என்றார். நான் மறுத்துப் பேசவில்லை.

வெள்ளைக் கோலைப் பிடிக்கும் முறையும் அங்கேதான் கற்றுத்தருகிறார்கள். இடது கால் முன்னே போகும்போது கோலின் நுனி வலப்புறம் தரையைத் தொட வேண்டும். அடுத்த அடி விழப்போகும் இடத்தைக் கோல் முன்கூட்டியே பார்த்துவிடுகிறது. இரண்டாம் உலகப் போரில் கண்ணிழந்து வந்த வீரர்களுக்காக, பென்சில்வேனியாவின் வேலி ஃபோர்ஜ் இராணுவ மருத்துவமனையில் ரிச்சர்ட் ஹூவர் என்ற சார்ஜென்ட் வகுத்த முறை இது. பின்னாளில் அவர் படித்துக் கண் மருத்துவரே ஆனார்.

இனி, பெயர் சூட்டும் விதி. படைவீரர் நலத்துறைக் கட்டடங்களுக்குப் பெயர் வைக்கும் மசோதாக்களைப் பிரதிநிதிகள் சபையின் முன்னாள் படைவீரர் விவகாரக் குழு பரிசீலிக்கிறது. அது தனக்கென்று சில விதிகளை வைத்திருக்கிறது. பெயருக்குரியவர் உயிரோடு இருக்கக் கூடாது. அவர் படைவீரராக இருந்தால், அந்தக் கட்டடம் உருவாகவோ இயங்கவோ முக்கியக் காரணமாக இருந்தவராகவோ, நாட்டின் மிக உயர்ந்த வீர விருதைப் பெற்றவராகவோ, அசாதாரணமான படைப்பணி ஆற்றியவராகவோ இருக்க வேண்டும். துறைக்குத் தலைமை தாங்கியவர்களுக்கும், கட்டடத்தோடு நேரடித் தொடர்புள்ள நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் தனியே இடம் உண்டு. நன்கொடையாளர் என்ற வகையே அதில் கிடையாது. எனக்குப் பிடித்தது அடுத்த விதி: அந்த மாநிலத்திலிருந்து சபைக்குச் சென்ற உறுப்பினர் ஒவ்வொருவரும், எந்தக் கட்சியாக இருந்தாலும், எழுத்து மூலம் ஆதரவு தர வேண்டும். ஐந்து லட்சத்துக்குக் குறையாத உறுப்பினர்களைக் கொண்ட பெரிய படைவீரர் சங்கங்களின் மாநிலக் கிளைகளும் எழுதித்தர வேண்டும். கலிபோர்னியாவுக்கு அந்தச் சபையில் ஐம்பதுக்கு மேற்பட்ட உறுப்பினர்கள். மற்ற நாளில் ஒருவர் சொன்னதை மற்றவர் ஒப்புக்கொள்ளாத கூட்டம் அது. பெரும்பான்மை வாக்கில் வைக்கும் பெயரை அடுத்த பெரும்பான்மை மாற்றிவிடும் என்பதை அறிந்தவர்கள் எழுதிய விதியாகத்தான் இதைக் காண்கிறேன்.

இவ்வளவு கடினமான விதியால் தாமதமும் ஏற்படத்தான் செய்கிறது. டெக்சஸ் மாநிலத்தின் வேக்கோவைச் சேர்ந்த டோரிஸ் மில்லர், கடற்படையில் சமையல்கூடப் பணியாளர். கறுப்பினத்தவர் என்பதால் அவருக்குப் பீரங்கிப் பயிற்சி தரப்படவில்லை. 1941 டிசம்பர் 7 அன்று பேர்ல் துறைமுகத்தில் குண்டு விழுந்துகொண்டிருந்தபோது, காயமடைந்த கப்பல் தலைவரைத் தூக்க உதவிவிட்டு, கற்றே இராத விமான எதிர்ப்புத் துப்பாக்கியை எடுத்துச் சுட்டார். கடற்படையின் உயர் வீர விருதான நேவி கிராஸைப் பெற்ற முதல் கறுப்பின அமெரிக்கர் அவரே. 1943 நவம்பர் 24 அன்று லிஸ்கம் பே கப்பலோடு கடலில் மறைந்தார். வேக்கோவின் படைவீரர் மருத்துவமனைக்கு அவர் பெயர் சட்டமானது 2014 டிசம்பரில், அதாவது 71 ஆண்டுகள் கழித்து. நம் லான்ஸ் நாயக்குக்கும் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அவர் வயதையொத்தவர்களில் ஊரில் மீதமிருப்பவர்கள் சிலரே.

எனவே என் கருத்து இது. அவர் படையில் சேருமுன் நம் ஊர்ச் சிற்றுந்தில் கிளீனராக ஏறி ஓட்டுநராக உயர்ந்தவர். படையிலும் லாரி ஓட்டியவர்தான். ஓய்வூதியக் கோப்புக்கும், ஆண்டுதோறும் கேட்கும் உயிர்வாழ்ச் சான்றுக்கும், மாவட்டத் தலைநகரின் மருந்தகத்துக்கும் போகவர வழியில்லாத முதியவர்களுக்காகத்தான் இந்தக் கூடத்தோடு ஒரு வேனையும் வாங்குகிறோம். ஓட்டுநர் ஒருவரின் பெயர் இதைவிட நன்றாக எங்கே பொருந்தும் என்று எனக்குத் தெரியவில்லை. பலகையில் தந்தையின் முதலெழுத்தோடு முழுப் பெயர், படைப்பதவி, ‘ஓட்டுநர்’ என்ற சொல் ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். ‘மாவீரர்’ போன்ற அடைமொழிகள் வேண்டா.

அதற்கு முன், லான்ஸ் நாயக்கின் மனைவியான பெரியம்மாவிடம் கேட்க வேண்டும். மூன்று வாரமாக நாம் ஐந்து நாடுகளிலிருந்து அவர் கணவரின் பெயரை எழுதிக்கொண்டிருக்கிறோம். அவரிடம் இதுவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று செயலாளரோடு தொலைபேசியில் பேசியபோது தெரிந்தது. காணொலி அழைப்பில் கேட்பது முறையாகாது. ஊரில் இருக்கும் தலைவரும் செயலாளரும் வீட்டுக்குப் போய், உட்கார்ந்து கேட்கட்டும். அவர் வேண்டாமென்று சொன்னால், இந்தப் பேச்சை அத்தோடு விட்டுவிடுவோம். சரி என்றால், சங்க உறுப்பினர் ஒவ்வொருவரிடமும், எதிர்த்து எழுதியவர்களிடமும்தான், கையெழுத்து வாங்கிக்கொண்டு பலகையை எழுதக் கொடுப்போம். நன்கொடையாளர் பட்டியலை உள்சுவரில் தனியே போடலாம். அதில் யாருக்கும் மனக்குறை வராது என்று நம்புகிறேன்.

பலகை பற்றி இன்னும் ஒன்று. அங்கே வரப்போகிறவர்களில் பாதிப்பேருக்குக் கண்புரை இருக்கும். பளபளக்கும் கிரானைட்டில் பொன்னெழுத்துப் பொறித்தால் வெயிலில் ஒன்றும் தெரியாது. மங்கிய மஞ்சளில் தடித்த கருப்பு எழுத்து, நெஞ்சு உயரத்தில், விரலால் தடவினால் தட்டுப்படும்படி புடைப்பாக இருக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். புடைப்பெழுத்துக்கு ஆகும் கூடுதல் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன். அதை நன்கொடைப் பட்டியலில் சேர்க்க வேண்டாம்.

அன்புடன்,
கீழத்தெருக்காரன், தெற்குக் கலிபோர்னியா