தராவா முதல் இவோ ஜிமா வரை: கப்பல் பீரங்கி சுட்டது போதுமா?

கரையோரன்
தரையிறங்கும் முன் கப்பலிலிருந்து சுட்டது போதுமா என்பதுதானே கேள்வி? இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் பிடித்துவைத்திருந்த பசிபிக் தீவுகளில் அமெரிக்கர்கள் இறங்கிய கதையைப் பாருங்கள். 1943 நவம்பர் 20, தராவாவின் பெட்டியோ தீவு. ஒரு சதுர மைல்கூட இல்லாத இடம். மரைன்கள் (கடலிலிருந்து கரையிறங்கிச் சண்டையிடும் அமெரிக்கப் படையினர்) இறங்குவதற்கு முன் இரண்டரை மணி நேரத்தில் சுமார் 3,000 டன் குண்டு கொட்டினார்கள். தீவே புகையில் மறைந்தது. இனி அங்கே உயிரோடு யார் இருக்கப் போகிறார்கள் என்றுதான் கப்பலில் இருந்தவர்கள் நினைத்தார்கள். 76 மணி நேரச் சண்டை முடிந்தபோது அமெரிக்கத் தரப்பில் மட்டும் ஏறக்குறைய 1,000 பேர் செத்திருந்தார்கள். என் கட்சி இதுதான்: நேரம் போதவில்லை. கடற்படை அவசரப்பட்டது, செத்தது தரையில் இறங்கியவன்.

பாய்மரம்
நேரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள் நண்பரே. சுட்ட விதம்தான் கோளாறு. அங்கிருந்த பதுங்கு அறைகளை நினைத்துப் பாருங்கள்: தென்னந்தடிகளை அடுக்கி, மேலே மணலும் பவளக்கல்லும் குவித்தவை. பக்கத்தில் ஷெல் வெடித்தால் மணல் பறக்கும், அவ்வளவுதான். நேராக விழுந்து துளைத்தால்தான் உடையும். தீவோ மேடே இல்லாத தட்டை நிலம். தாழப் பறந்து வந்த குண்டுகளில் பல தரையில் பட்டுத் தெறித்துப் போயின. தீவு முழுக்கப் பொதுவாக வாரி இறைப்பதை இன்னும் இரண்டு நாள் செய்திருந்தாலும் இதே கதைதான்.

அப்புறம் ஒன்று. மரைன்களை ஏற்றிய, நீரிலும் நிலத்திலும் ஓடும் வண்டிகள் தாமதமாக வந்துகொண்டிருக்க, அவை கரையைத் தொடுவதற்குள் கப்பல்கள் சுடுவதை நிறுத்திவிட்டன. ஜப்பானியர் தலையை உதறிக்கொண்டு இயந்திரத் துப்பாக்கிக்குத் திரும்ப அந்த இடைவெளி போதாதா? தலைமைக் கப்பல் மேரிலாண்டில் சொந்தப் பீரங்கிகளின் அதிர்விலேயே வானொலிக் கருவிகள் செயலிழந்தன.

உப்புக்காற்று
ஓதத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அன்று தண்ணீர் போதிய அளவு ஏறவில்லை. படகுகள் பவளத்திட்டில் தட்டி நின்றன. இடுப்பளவு நீரில் அரை கிலோமீட்டருக்கு மேல் துப்பாக்கியைத் தூக்கிப் பிடித்தபடி நடந்தவர்களை எந்தப் பீரங்கி காப்பாற்றும்?

கரையோரன்
மிச்சமிருந்த இயந்திரத் துப்பாக்கிகளை முன்பே உடைத்திருந்தால் அந்த நடையில் இத்தனை பேர் விழுந்திருக்க மாட்டார்கள். சரி, தராவாவை விடுங்கள். 1945இல் ஜப்பானின் இவோ ஜிமா தீவில் இறங்கியதற்கு என்ன சொல்கிறீர்கள்? மரைன் தளபதி ஹாரி ஷ்மிட் முன்கூட்டிய குண்டுவீச்சுக்குக் கேட்டது 10 நாள், கிடைத்தது 3. அதிலும் முதல் நாள் மேகமும் மழையும். 6,800 பேருக்கு மேல் பலி.

பாய்மரம்
அந்த மூன்று நாளில் உருப்படியாக நடந்தது எது என்று பாருங்கள். 1945 பிப்ரவரி 17 அன்று சிறு பீரங்கிப் படகுகள் 12 கரையை நெருங்கின. இதுதான் தரையிறக்கம் என்று எண்ணி, அதுவரை வாயே திறக்காமல் மறைந்திருந்த ஜப்பானியப் பீரங்கிகள் சுட்டன. படகுகள் எல்லாமே அடிபட்டன. ஆனால் எங்கே என்ன ஒளிந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டது. மறுநாள் பெரும் போர்க்கப்பல்கள் கரையிலிருந்து இரண்டரை கிலோமீட்டருக்குள் வந்து அந்த இடங்களைப் பார்த்துப் பார்த்து அடித்தன. குறி தெரியாமல் 10 நாள் சுடுவதைவிட, குறி தெரிந்து ஒரு நாள் சுடுவது மேல்.

1944 ஜூனில் பிரான்சின் நார்மண்டியில், ஜெர்மானியர் காத்துநின்ற ஒமாஹா கரையிலும் இதுதான். காலையில் நாற்பது நிமிடக் குண்டுவீச்சு பெரிதாக எதையும் சாதிக்கவில்லை. பிறகு டெஸ்ட்ராயர்கள் எனும் சிறிய, வேகமான போர்க்கப்பல்கள் அடித்தளம் மணலில் உரசும் அளவுக்குக் கரையை ஒட்டி வந்தன. கார்மிக் என்ற கப்பலுக்குக் கரையோடு வானொலித் தொடர்பு கிடையாது. கரையிலிருந்த அமெரிக்க டாங்கிகள் எந்தப் பக்கம் சுடுகின்றன என்று கண்ணால் பார்த்து, அதே இடத்தில் தானும் சுட்டது. தரையில் கிடந்தவர்கள் எழுந்து மேட்டில் ஏறியதற்கு அந்த டெஸ்ட்ராயர்கள் பெரிய காரணம்.

கரையோரன்
ஒமாஹாவை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் சொன்ன இவோ ஜிமா கதையே என் பக்கம்தான் பேசுகிறது. குறி தெரிந்ததே இரண்டாம் நாள். மிஞ்சியது ஒரே நாள். 18ஆம் தேதி மாலை குண்டுவீச்சுக்குப் பொறுப்பான அட்மிரல் பிளாண்டியே என்ன தெரிவித்தார்? வானிலையால் ஒதுக்கிய குண்டு முழுவதையும் சுட முடியவில்லை, இன்னொரு நாள் கிடைத்தால் மேலும் பல நிலைகளைக் கண்டுபிடித்து அழிக்கலாம், ஆனாலும் நாளை இறங்கலாம் என்றார். குண்டு கையிருப்பில் இருக்கிறது, குறியும் தெரிகிறது, பிறகும் இறக்கிவிட்டார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

பாய்மரம்
அந்த ஒரு நாளைக் கொடுத்திருக்க வேண்டும். அதில் உங்களோடு வாதாட மாட்டேன். 10 நாளைத்தான் ஏற்க முடியவில்லை. இவோ ஜிமாவின் ஜப்பானியத் தளபதி குரிபயாஷி தன் ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கிவிட்டார். கடலிலிருந்து கண்ணுக்குப் படாததை எத்தனை நாள் சுட்டு என்ன?

கரையோரன்
இன்னொரு பசிபிக் தீவான குவாமுக்கு வாருங்கள். 1944 ஜூலையில் அங்கே 13 நாள் சுட்டார்கள். அட்மிரல் கானலி கப்பல்களைக் கரைக்கு வெகு அருகே கொண்டுபோய், தினமும் விமானப் படம் எடுத்து, எது உடைந்தது எது மிச்சம் என்று சரிபார்த்து மறுநாள் தொடர்ந்தார். நீங்கள் கேட்கும் நிதானம் அதில் முழுக்க இருக்கிறது. அந்த நிதானத்துக்குத்தான் நாட்கள் வேண்டும் என்கிறேன். அதை மூன்று நாளில் செய்ய முடியும் என்று காட்டுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.