பழைய பாணி மணமகள் கவுன் தைக்க யோசனை வேண்டும்

எல்லோருக்கும் வணக்கம். என் கல்யாணத்துக்குப் பழைய காலத்து வெள்ளை கவுன் ஒன்று தைத்துக்கொள்ள ஆசை. தோள் தெரியும், கல் பதித்து மினுமினுக்கும் இன்றைய கவுன்கள் என் மனதில் ஒட்டவே இல்லை. 1840இல் தன் கல்யாணத்தில் விக்டோரியா மகாராணி அணிந்த, இங்கிலாந்தின் ஹானிட்டன் ஊர் லேஸ் வைத்த வெள்ளை சாடின் (வழவழப்பான பளபளத் துணி) கவுன், 1956இல் ஹாலிவுட் நடிகை கிரேஸ் கெல்லியின் கல்யாணத்துக்காக ஹெலன் ரோஸ் வடிவமைத்த, கழுத்து வரை லேஸ் மூடிய கவுன் இவற்றையெல்லாம் எத்தனை முறை பார்த்தாலும் அலுப்பதில்லை. எவ்வளவு மூடியிருக்கிறதோ அவ்வளவு காதல் அதில்!

நான் தேர்ந்தெடுத்திருப்பது 1895ஐ ஒட்டிய பாணி. தோளில் பலூன் போல உப்பி, முழங்கைக்குக் கீழே இறுகும் கை, உயர்ந்த லேஸ் காலர், குறுகிய இடுப்பு, பின்னால் கொஞ்சம் நீளும் பாவாடை. தைத்துத் தர ஒருவர் சம்மதித்துவிட்டார். ஆனால் இந்தக் கை அவருக்கும் புதிது.

அந்தக் காலத்தில் கைக்குள் விறைப்பான உள்துணி வைத்துத் தைத்தார்கள். இன்று அதற்கு ஆர்கன்சா (மெல்லிய, விறைப்பான துணி) போதுமா, பருத்தி வலை நல்லதா? நாள் முழுக்க உட்கார்ந்து எழுந்தாலும் உப்பல் அமுங்கக் கூடாது. லேஸ் காலர் மடங்காமல் நிற்க உள்ளே என்ன வைக்கலாம்? கழுத்தில் குத்தாமலும் இருக்க வேண்டும். அப்புறம், பாவாடைக்குக் கனமான சாடினா, டஃபெட்டா என்ற மொடமொடப்பான துணியா? டஃபெட்டாவின் சரசரப்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஆனால் மடிப்பு சுருங்கினால் அப்படியே நிற்குமோ என்று பயம்.

இப்படித் தைத்தவர்கள், அணிந்தவர்கள் சொல்லுங்கள். கையின் உட்புறப் படம் இருந்தால் கட்டாயம் போடுங்கள்.