உள்ளூராட்சி சபை அமர்வுல போய் இருந்து பாத்த ஆக்கள் இருக்கிறீங்களா?

புளியந்தீவான்:
உங்கட ஊர்லயும் இப்பிடித்தானா எண்டு சொல்லுங்க. 2023 மார்ச்சுல இலங்கையில சபையெல்லாம் கலைஞ்சு, 2025 மே எலக்சன் முடிஞ்சு ஜூன்ல புது ஆக்கள் வந்து குந்துற வரைக்கும் ஆணையாளரும் செயலாளரும்தானே எல்லாம், அதால இப்ப நம்ம ஆக்கள் என்ன செய்றாங்க எண்டு பாக்கிற ஆசையில போனன். போன கூட்ட அறிக்கை, முன்மொழிறன், வழிமொழிறன், அது சரி. பிறகு ஒரு ரோட்டுக்கு ஆற்ற பேர வைக்கிற எண்டு பிடிச்சாங்க பாருங்க, ஒரு மணித்தியாலத்துக்கு மேல, மைக்க ஓஃப் பண்ணியும் நிப்பாட்டல்ல! அடுத்தது நிதிக்குழு அறிக்கை. ஜேசிபி டயர், மலசலகூடக் குழி உறிஞ்சுற கலி பவுசர் ரிப்பேர், டீசல் பில், தெருவிளக்கு பல்ப்பு, தற்காலிக ஊழியர் சம்பளம் எல்லாம் ஒரே மூச்சுல வாசிச்சு "அனுமதிக்கலாமா?" "ஓம் ஓம்", முடிஞ்சு. குடுத்த தேத்தண்ணி கூட ஆறல்ல. ஒரு உறுப்பினர் அக்கா மட்டும் டயருக்கு எத்தின கொட்டேசன் எடுத்தீங்க எண்டு கேட்டா. மூணு எண்டாங்க. காட்டுங்க எண்டா. அடுத்த அமர்வுல பாப்பம் எண்டு தலைமை அடுத்த விசயத்துக்குப் போயிட்டாரு.

கல்முனை மருமகன்:
மச்சான், ஓம் ஓம் எண்டதுக்காக களவு எண்டு நினைக்காதீங்க. ஒவ்வொரு பில்லயும் சபையில பிரிச்சா விடிஞ்சிரும், அதுக்குத்தான் முதல்லயே நிதிக்குழுவுல இருந்து பாக்கிற. பிரச்சின என்னண்டா அங்க என்ன பேசின எண்டு நமக்குத் தெரியாது. நான் ஒருக்கா தகவல் அறியும் சட்டத்துல, அதான் 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கச் சட்டம், தெருவிளக்குச் செலவக் கேட்டு எழுதிக் குடுத்தன். தகவல் அதிகாரி 14 வேலை நாளுக்குள்ள தாறதா இல்லையா எண்டு முடிவு சொல்லணும். முதல்ல இழுத்தாங்க, மேன்முறையீடு போடுவன் எண்ட உடன கொப்பி வந்துட்டு. பல்ப்பு விலை கடையில விக்கிற விலைதான், சும்மா சந்தேகப்பட்டிருக்கன்.

கல்லடி அக்கா:
தம்பிமார், ஜனவரி 31க்கு முதல் வீடு வளவுக்குச் சபை எடுக்கிற சோலைவரிய முழு வருசத்துக்கும் கட்டினா நூற்றுக்குப் பத்து கழிவு எண்டு ஓடி ஓடிக் கட்டுற ஆள் நான், அதால கேக்கிற உரிமை இருக்கு. நான் வேற ஒரு கந்தோர்ல வாகனப் பக்கம் வேல செஞ்சனான். டீசல் பில்லக் கேட்டா ரன்னிங் சார்ட்டையும் சேர்த்துக் கேளுங்க. வாகனம் எங்க போன, எத்தின கிலோமீற்றர், ஆர் கையெழுத்து எல்லாம் அதுலதான் கிடக்கும், பில்லுல லீற்றர் மட்டும்தான்.